டென்சில் பார்த்த நீலப்பட்டை

டென்சில் ப்ரீஸ் நாற்பது வருடம் பன்றியும் ஆடும் வெட்டிப் பிழைத்தவர். ஆனால் தெரிந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொன்றதில்லை. டீம் என்ற ஆற்றின் கரையில் இருக்கும் அந்தச் சின்னச் சந்தை ஊரில் இது பழைய கேலி. கசாப்புக்கடை வாசலில் நின்றபடியே யாராவது ஆரம்பிப்பார்கள்.

"டென்சில், ஒரு பவுண்டு விட்டில் கொத்துக்கறி போடு."

"தீர்ந்துபோச்சு கண்ணு. நேத்து வந்த கூட்டமே மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிடுச்சு."

கத்தியைத் தீட்டிக்கொண்டே சொல்வார். முகத்தில் சிரிப்பு வராது. ஆள் ஆறடி உயரம், கை இரண்டும் பன்றித்தொடை மாதிரி. அந்தக் கைகள் விடியற்காலையில் முட்டை அடுக்கும் அட்டை ஒன்றைத் திருப்பி, அதில் ஒட்டிக்கிடக்கும் பூச்சியின் இறகுத்தூள் கலையாமல் கண்ணாடிக் குப்பிக்குள் இறக்குவதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆரம்பம் கடையிலேயே நடந்தது. ஈக்கொல்லி விளக்கு ஒன்றை மாட்டச் சொல்லி சுகாதார அதிகாரி வற்புறுத்தியிருந்தார். நீல வெளிச்சம், சுற்றி மின்கம்பி, கீழே தட்டு. காலையில் கடை திறந்ததும் தட்டைத் தட்டிக் கொட்டுவது முதல் வேலை. ஒரு ஜூன் மாதக் காலையில் கருகிய ஈக்களுக்கு நடுவே இளஞ்சிவப்பும் பாசிப்பச்சையுமாக ஏதோ கிடந்தது. யாரோ பெண்பிள்ளையின் காதணி விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். எடுத்துப் பார்த்தால் அதற்குக் கால்கள் இருந்தன.

இறைச்சி சுற்றும் தாளில் வைத்து மடித்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போனார். அங்கே மருந்தாளராக இருந்தவர் தெல்மா குவில்லியம். டென்சிலுக்குச் சம வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், பொடி எழுத்துப் படிக்கப் பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருந்தவர். டென்சில் போனது அந்தக் கண்ணாடிக்காகத்தான்.

"இது என்ன பூச்சின்னு பாரேன்."

"இது மருந்துக்கடை டென்சில். இங்க பூச்சி பார்க்கறதில்ல."

சொல்லிவிட்டுத் தெல்மா குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இருமல் மருந்துக்கு வந்திருந்த ஒருவர் இரண்டு தடவை இருமிக் காட்ட வேண்டியதாயிற்று.

மறுநாள் நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெல்மாவே கசாப்புக்கடைக்கு வந்தார். "யானை அந்து. இதோட புழு யானைத் துதிக்கை மாதிரி இருக்குமாம், அதனால அந்தப் பேரு. ராத்திரி தேன் குடிக்க வரும். உன் விளக்கைப் பார்த்து ஏமாந்து வந்திருக்கு."

"ஏமாந்து வந்துச்சா?"

"வந்து செத்திருக்கு. நீதான் கொன்ன."

விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். டென்சிலுக்கு அது எலும்புத் துண்டு மாதிரி தொண்டையில் நின்றது. அன்று முதல் கடையைப் பூட்டும்போது அந்த விளக்கை அணைத்துவிட்டே வீட்டுக்குப் போனார். பகலில் வரும் ஈக்களோடு மட்டும்தான் தனக்கு வழக்கு என்றார்.

கொல்லாமல் பிடிக்க வழி உண்டு என்று தெல்மா படித்துச் சொன்னார். மரப்பெட்டி, அதன் வாயில் ஒரு புனல், புனலுக்கு மேலே பாதரச விளக்கு. பெட்டிக்குள் முட்டை அட்டைகளை அடுக்கிவிட்டால் போதும். விளக்குக்கு வந்த பூச்சி புனல் வழியே உள்ளே விழும். அட்டையின் குழிகளில் ஒண்டித் தூங்கிவிடும். காலையில் ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, பறவை கொத்தாத புதரில் விட்டுவிடலாம். டென்சில் ஒரே அளவில் இரண்டு பெட்டி செய்தார். ஒன்று தன் வீட்டுத் தோட்டத்துக்கு, ஒன்று தெல்மாவின் தோட்டத்துக்கு.

அப்புறம் வருடக்கணக்காக ஊர் இன்னும் எழாத வேளையில் இருவர் வீட்டுத் தொலைபேசியும் மாறி மாறி அடித்தது. புழுக்கமான ராத்திரி, மேகமூட்டம், காற்று இல்லை என்றால் மறுநாள் காலை பெட்டி பொங்கி வழியும். இருவரும் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி கத்திப் பேசிக்கொள்வார்கள். சில பூச்சிகளுக்குள் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. பழைய காலத்து ஆட்கள் வெறுத்துப்போய் 'நிச்சயமில்லை' என்றே ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"எனக்கு ஏழு 'நிச்சயமில்லை' வந்திருக்கு தெல்மா."

"நிச்சயமாவா?"

இந்த ஒரே நகைச்சுவை எத்தனையோ கோடைகாலம் தாக்குப்பிடித்தது.

டென்சிலின் மனைவி ஆல்வென் இதற்கெல்லாம் நடுவே பொறுமையாகக் குடித்தனம் நடத்தினார். பெயர் தெரியாத பூச்சியைக் குப்பியில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் அசையாமல் இருக்கும்; நிதானமாகப் பார்க்கலாம். "வெண்ணெய் எடுக்கப் போனா ஏதோ ஒண்ணு என்னை முறைக்குது" என்பார் ஆல்வென். "இந்த வீட்டுல பன்னிக்கறி வெளிய கிடக்கு, பூச்சி உள்ள இருக்கு." ஆனாலும் தெல்மாவுக்கென்று கிறிஸ்துமஸுக்குத் தனியாக, மாவுக்குள் பன்றிக்கறி வைத்து ஒரு 'பை' சுட்டு அனுப்புவது ஆல்வென்தான்.

மாவட்டத்துக்கு ஒரு அந்துப் பதிவாளர் உண்டு. சம்பளம் கிடையாது. ஊர் ஊராகத் தோட்டங்களில் பொறி வைப்பவர்கள் அனுப்பும் பதிவுகளைச் சரிபார்த்து, இது சரி, இது சந்தேகம், இதை ஏற்க முடியாது என்று பிரிப்பது அவர் வேலை. எந்தப் பூச்சி பெருகுகிறது, எது அருகிப்போகிறது என்று நாடு தெரிந்துகொள்வது அந்தப் பதிவுகளிலிருந்துதான். பழைய பதிவாளர் முதுமையில் காலமானதும் யாரும் அந்தப் பொறுப்புக்கு முன்வரவில்லை. தெல்மா ஒத்துக்கொண்டார். டென்சில்தான் ரொம்பவும் சந்தோஷப்பட்டவர். ஆளுக்கொரு கோப்பை சாராயம் ஊற்றி, "இனிமே நம்ம கையில மாவட்டம்" என்றார்.

அதற்குப் பிறகு சில வருடம் கழித்து ஒரு செப்டம்பரில் அது நடந்தது. ராத்திரி முழுக்கத் தென்காற்று வெதுவெதுப்பாக வீசியிருந்தது. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் டென்சில் தோட்டத்துக்குப் போனார். பெட்டிக்குப் பக்கத்துச் செங்கல் சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு, மரப்பட்டை நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. செவ்வடியிறகு என்ற பூச்சி அந்தப் பக்கம் சாதாரணம். மேலிறகு சாம்பல், அதைத் தூக்கினால் அடியில் சிவப்பும் கறுப்பும். ஆனால் இது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. டென்சில் விரலை நீட்டினார். மேலிறகு விரிந்தது. அடியில் கறுப்பு, அதன் நடுவே நீலப்பட்டை.

நீல அடியிறகு. பூச்சி பார்ப்பவர்கள் ஆயுள் முழுக்கக் காத்திருந்தும் பார்க்காமலே செத்துப்போகும் பூச்சி. அந்த மாவட்டத்தில் அதைப் பார்த்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஆல்வென்! குப்பி! பெரிய குப்பி கொண்டு வா!"

ஆல்வென் கிடைத்த ஊறுகாய் ஜாடியைக் கழுவக்கூட இல்லாமல் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் வந்தபோது பூச்சி இறகை மூடிவிட்டிருந்தது. ஜாடி சுவரைத் தொடுவதற்குள் எழும்பி, கொட்டகைக் கூரைக்கு மேலே போய், ஆற்றோர நெட்டிலிங்க மரங்கள் பக்கம் மறைந்தது. ஆல்வென் பார்த்தது சாம்பல் முதுகு ஒன்றைத்தான்.

தொலைபேசியில் கேட்டதும் தெல்மா ராத்திரி உடைமேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நாள் முழுக்க மரம் மரமாகத் தேடினார்கள். கிடைக்கவில்லை. சாயங்காலம் சமையலறையில் தேநீரோடு உட்கார்ந்ததும் தெல்மா கேட்க ஆரம்பித்தார்.

"எத்தனை நேரம் பார்த்த?"

"பார்க்கவேண்டிய நேரம் பார்த்தேன்."

"கண்ணாடி போட்டிருந்தியா?"

"இல்லாமலா?"

"அப்போ விளக்கு எரிஞ்சுட்டிருந்துச்சா, அணைச்சிட்டியா?"

டென்சில் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தக் கேள்வியின் அர்த்தம் அவருக்குத் தெரியும். பாதரச விளக்கின் வெளிச்சத்தில் சிவப்பு செத்துவிடும். செவ்வடியிறகே கூடக் கறுத்து, வேறு ஏதோ நிறமாகத் தெரியும்.

"அணைச்சிட்டுத்தான் பார்த்தேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"என்ன தெல்மா, போலீஸ் ஸ்டேஷனா இது? எனக்கு நீலம் எது சிவப்பு எதுன்னு தெரியாதா? தினம் ரத்தத்துல கை வைக்கிறவன் நான்!"

தெல்மா தேநீரைக் குடித்து முடித்தார். நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். குளிர்காலத்தில் அந்த வருடப் பதிவுகளுக்கெல்லாம் பதில் அனுப்பியபோது டென்சிலுக்கும் ஒரு பதில் வந்தது. மற்றதெல்லாம் சரி. நீல அடியிறகு, படமோ பூச்சியோ இல்லாததால் ஏற்க இயலவில்லை. மற்றவர்களுக்கு அனுப்பும் அதே வாசகம். கீழே வெறும் 'தெல்மா' என்று இல்லை, முழுப் பெயரில் கையெழுத்து.

டென்சில் தெருவைக் கடந்து மருந்துக்கடைக்குள் போனார். உள்ளே ஆட்கள் இருந்ததைப் பார்க்கவில்லை.

"என்னைப் பொய்யன்னு எழுதியிருக்க."

"அப்படி எழுதல. ஆதாரம் இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"என் வார்த்தை ஆதாரம் இல்லையா? உன் பெட்டியைச் செஞ்சது யாரு?"

"பெட்டியை நீ செஞ்ச. அதுக்கு நன்றி. வேற யாராவது இதே மாதிரி அனுப்பியிருந்தா நான் என்ன எழுதணும்னு நீ சொல்லியிருப்ப?"

டென்சில் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். கதவில் தொங்கிய மணி கீழே விழுந்து உருண்டது.

அத்தோடு பேச்சு நின்றது. டென்சில் தன் ரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்து ஊர் வரை வண்டி ஓட்டினார். தெல்மா ஆட்டுக்கறியை வேறு கடையில் வாங்க ஆரம்பித்தார். அது ரப்பர் மாதிரி இருக்கிறது என்று ஆல்வென் காதில் விழும்படி யாரிடமோ சொன்னார். தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் தபால் பெட்டியைப் பார்ப்பார், ஒருவர் வானத்தைப் பார்ப்பார். ஆல்வென் மட்டும் வருடா வருடம் கிறிஸ்துமஸ் பையைச் சுட்டு, புருஷனுக்குச் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தார். டென்சிலுக்கு அது தெரியும். பையில் வைக்கும் கறியை நறுக்கிக் கொடுப்பதே அவர்தானே.

வினோதம் என்னவென்றால் பூச்சிப் பதிவு நிற்கவில்லை. டென்சில் பொறி வைத்தார், எண்ணினார், வருடக் கடைசியில் உறையில் போட்டு அனுப்பினார். தெல்மா சரிபார்த்தார், கிடைத்தது என்று பதில் போட்டார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்புறம் எல்லாம் கணினிக்கு மாறியது. உறை ஒட்டும் வேலையும் மிச்சம்.

அப்படியே வருடங்கள் ஓடின. கடையை மகள் எடுத்துக்கொண்டார். நீல அடியிறகு தெற்கே கடலோர மாவட்டங்களில் மறுபடி குடியேறத் தொடங்கியிருக்கிறது என்று செய்தி வந்தது. வருடத்துக்கு வருடம் வடக்கே நகர்ந்து, கடைசியில் இந்த மாவட்டத்துக்கும் வந்தது. முதல்முதலாகப் பிடித்தது அந்த வருடம்தான் பொறி வாங்கியிருந்த ஒரு பள்ளி ஆசிரியை. இறகு விரித்த படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து, பூச்சிக்காரர்களின் செய்திமடலில் முதல் பக்கத்தில் வெளியாயிற்று. நூற்றாண்டுக்குப் பிறகு மாவட்டத்தின் முதல் நீல அடியிறகு என்று அதன்கீழ் போட்டிருந்தது.

டென்சில் அதைப் படித்தார். எழுந்து கடைக்குப் போய், மகள் ஏற்கெனவே கழுவியிருந்த தரையை இன்னொரு முறை குழாய் வைத்துக் கழுவினார்.

"அப்பா, தரை சுத்தமாத்தான் இருக்கு."

"ஓரம் சரியில்ல."

வீட்டுக்கு வந்து ஆல்வெனிடம், "இப்பவாவது அவ மாத்துவாளா?" என்று கேட்டார். தெல்மா மாற்றவில்லை. இப்போது வந்திருக்கிறது என்பதால் அப்போதும் வந்தது என்று ஆகிவிடாதே. டென்சிலுக்கும் அது தெரியும். தெரிந்திருந்ததுதான் ஆத்திரமே.

அடுத்த ஆகஸ்டில் தெல்மா தன் தோட்டத்துப் படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஆணி வைத்துத் தைத்தார்கள். ஆல்வென் திராட்சை வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். திரும்பி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"உன்னை வரச் சொல்றா."

"எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? திராட்சை புளிப்பா இருக்குன்னா. டென்சில வரச்சொல்லுன்னா. இவ்வளவுதான்."

"கூப்பிட்டதும் ஓடணுமோ?"

"ஓட வேண்டாம். காரை எடுத்துட்டுப் போ."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். கட்டிலில் தெல்மா பாதி ஆளாகக் கிடந்தார். மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டில் நிமிர்ந்து நின்ற உடம்பு அது என்று நம்ப முடியவில்லை.

"அந்தக் கடையில ஆட்டுக்கறி வாங்கித் தின்னா எலும்பு உடையாம என்ன செய்யும்?" என்றார் டென்சில்.

"உட்காரு. தலைக்கு மேல நிக்காத, வெளிச்சம் மறைக்குது." தெல்மா தலையணையில் சாய்ந்தபடி விஷயத்துக்கு வந்தார். "பதிவெல்லாம் குவிஞ்சு கிடக்கு. செப்டம்பர்ல இன்னும் வரும். நான் எழுந்து உட்கார கிறிஸ்துமஸ் ஆயிடும். நீ பாரு."

"நானா?"

"வேற யாரு இருக்கா? அந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா எல்லாரும் சொல்றதை நம்பிடுவா. நீ நம்ப மாட்ட. உனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி." ஒரு தாளை நீட்டினார். "கடவுச்சொல்."

டென்சில் வாங்கிக்கொண்டார். "இதுல எல்லாத்தையும் திறக்கலாமா? பழசு எல்லாம்?"

"எல்லாத்தையும்" என்றார் தெல்மா, கண்ணை மூடிக்கொண்டு.

அந்த இலையுதிர்காலம் டென்சில் மேசையில் கணினி வைத்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி மற்றவர்கள் பூச்சிகளைப் பார்த்தார். மங்கல் படங்கள், தலைகீழ்ப் படங்கள், பூச்சியே இல்லாத படங்கள். நல்ல பதிவைப் பார்த்தால் ஆல்வெனைக் கூப்பிட்டுக் காட்டினார். சந்தேகமானதற்கு மரியாதையாகக் கேள்வி கேட்டு எழுதினார். இந்தத் தொல்லையைத் தெல்மா இத்தனை வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாளே என்று தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

வம்பு மதுக்கடைக்காரர் பேசில் டட்ஜ் வடிவில் வந்தது. பேசிலின் கடை முற்றத்தில் விளக்கடியில் மண்டையோட்டு அந்து வந்து உட்கார்ந்ததாம். முதுகில் மண்டையோடு மாதிரி குறி உள்ள, உள்ளங்கை நீளப் பூச்சி. அதுவும் அபூர்வம்தான். பேசில் பதிவு அனுப்பினார். படத்தில் அவருடைய கட்டைவிரல் மட்டும்தான் தெளிவாக இருந்தது. டென்சில் யோசித்தார். பதில் எழுதினார். படமோ பூச்சியோ இல்லாததால் ஏற்க இயலவில்லை. அனுப்பிய பிறகுதான் தான் என்ன வாசகத்தை எழுதினோம் என்பது உறைத்தது.

வெள்ளிக்கிழமை மதுக்கடைக்குப் போனபோது பேசில் கோப்பையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆறு பேர் பார்த்திருக்காங்க டென்சில். ஆறு பேர்!"

"அந்த ஆறு பேரும் எத்தனாவது கோப்பையில இருந்தாங்க?"

கடையே சிரித்தது. பேசில் மட்டும் சிரிக்கவில்லை.

"மண்டையோட்டு அந்தைத் தொட்டா எலி மாதிரி கீச்சுன்னு கத்தும். கத்துச்சா?" என்று கேட்டார் டென்சில்.

"பாட்டுச் சத்தத்துல எப்படிக் கேட்கும்?"

"அப்போ எப்படி எழுதறது பேசில்? நீ பொய் சொல்றன்னு நான் சொல்லல..."

"சொல்லாதே. நீ எதுவும் சொல்லாதே. பதினஞ்சு வருஷமா நீலப்பூச்சி பார்த்தேன் நீலப்பூச்சி பார்த்தேன்னு இதே நாற்காலியில உட்கார்ந்து புலம்பின ஆள் யாரு? அப்போ உன்னை நம்பினது யாரு? நான்! இந்தா, இந்த பீரைக் குடிச்சிட்டுக் கிளம்பு. இனி இங்க உனக்கு ஊத்த மாட்டேன்."

டென்சில் பீரைத் தொடாமல் வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்து, இத்தனை வாரமும் போகாமல் இருந்த இடத்துக்குப் போனார். தன் பெயர், அந்த செப்டம்பர், நீல அடியிறகு. பக்கத்தில் 'ஏற்கப்படவில்லை'. மாற்றுவதற்கு விரலை ஒருமுறை அமுக்கினால் போதும். மாற்றிவிட்டால் நூற்றாண்டுக்குப் பிறகு மாவட்டத்தின் முதல் பதிவு அவருடையது. அந்தப் பள்ளி ஆசிரியைக்குக்கூடத் தெரிய எத்தனையோ நாள் ஆகும்.

ஆல்வென் பின்னால் வந்து நின்றார். திரையைப் படித்தார்.

"மாத்தப் போறியா?"

"இது என்னோடதுன்னு நினைக்காம, வேற எவனோ அனுப்பினதுன்னு வச்சுப் பார்க்கணும்."

அன்று தான் எழுதி அனுப்பிய குறிப்பைப் படித்தார். 'மிகப் பெரியது. அடியிறகில் நீலப்பட்டை. ஐயமில்லை.' அவ்வளவுதான். பட்டை எத்தனை அகலம், ஓரம் வெளுப்பா, ஒன்றும் இல்லை. வேறு யாராவது இப்படி அனுப்பியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். கண்ணை மூடி அந்தச் சுவரை நினைத்துப் பார்த்தார். நீலம் தெரிந்தது. ஆனால் அது சுவரில் பார்த்த நீலமா, அப்புறம் புத்தகத்தில் பார்த்த நீலமா, இத்தனை வருடம் மதுக்கடையில் சொல்லிச் சொல்லி ஏறிய நீலமா என்று பிரிக்க முடியவில்லை.

"ஆல்வென், நீ ஜாடியோட வந்தியே, அப்போ விளக்கு எரிஞ்சுட்டிருந்துச்சா?"

ஆல்வென் யோசித்தார். "நீ கத்தின கத்துல நான் விளக்கையா பார்த்தேன்? ஜாடி கையை விட்டு வழுக்கிடுமோன்னு பார்த்தேன்."

"நான் அணைச்சிட்டேன்னு அவகிட்ட சொன்னேன்."

"சொன்ன. அது எனக்கு ஞாபகம் இருக்கு."

அடுத்த வெதுவெதுப்பான ராத்திரி பொறி வைத்தார். காலையில் சுவரில் செவ்வடியிறகு ஒன்று வந்திருந்தது. விளக்கை அணைக்காமல், பொழுது சரியாக விடியாத அந்த வெளிச்சத்தில் அதைத் தொட்டார். இறகு விரிந்தது. சிவப்பு காணோம். கறுப்புக்கு நடுவே கலங்கலான, பெயர் சொல்ல முடியாத ஒரு பட்டை. நீலம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நீலத்துக்காகவே ஏங்கிக்கொண்டிருப்பவன் ஒருவன் பார்த்தால்? டென்சில் விளக்கை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் வானம் வெளுத்ததும் பட்டை செங்கல் சிவப்பாக வந்தது. பூச்சியைப் புதரில் விட்டார். அன்று பார்த்தது இதுதான் என்றும் அவருக்கு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. கணினியில் ஒன்றையும் தொடாமல் விட்டுவிட்டார்.

தெல்மா வீட்டுக்குத் திரும்பி, ஊன்றுகோலோடு சமையலறைக்குள் நடமாட ஆரம்பித்த பிறகு ஒருநாள் டென்சில் பன்றிக்கறிப் பையோடு போய் எல்லாவற்றையும் சொன்னார். பேசில் துரத்தியது உட்பட. அதற்குத் தெல்மா இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். அப்புறம், "நீ மாத்தியிருப்பன்னு நினைச்சேன்" என்றார்.

"அப்புறம் எதுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்த?"

"மாத்தினா மாத்திட்டுப் போறான்னு. நான் திருப்பி மாத்தியிருக்க மாட்டேன். எனக்கும் அலுத்துப்போச்சு டென்சில்."

"விளக்கு எரிஞ்சுட்டிருந்ததா அணைஞ்சிருந்ததான்னு எனக்கு இப்பத் தெரியல. அன்னிக்கும் தெரிஞ்சிருக்காது. கோபத்துல சொல்லிட்டேன்."

தெல்மா பையை வெட்டி ஒரு துண்டைத் தட்டில் வைத்தார். "நீ அன்னிக்கு நீலத்தைத்தான் பார்த்தன்னு நான் நம்பினேன். இன்னிக்கும் நம்பறேன்."

டென்சில் நிமிர்ந்தார். "என்னது?"

"நம்பறேன். உன் கண்ணு எனக்குத் தெரியும். ஆனா என் நம்பிக்கையைப் பதிவுல எந்த இடத்துல எழுதறது?"

"அடிப்பாவி, இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா!"

"சொல்றதுக்குள்ள கதவை அறைஞ்சிட்டுப் போயிட்ட. மணி வேற உருண்டு அலமாரிக்கு அடியில போயிடுச்சு. அதை எடுக்கக் குனிஞ்ச நேரத்துல நீ உன் கடைக்குள்ள போயிட்ட."

"அப்புறம் வந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றார் தெல்மா. "எனக்கும்தான் திமிரு."

இரண்டு பேரும் பையைத் தின்றார்கள். பேச்சு வேறு எங்கோ போயிற்று. இழந்த வருடங்களைப் பற்றி யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒருவேளை அழுதிருப்பார்கள். அந்த ஊரில் அது வழக்கமில்லை.

பேசிலின் கோபம் பிப்ரவரியில் தணிந்தது. சுவர்ப் பலகையில் குட்டி அம்பு எறியும் போட்டியில் டென்சில் இல்லாமல் அவர் கடையின் அணி பக்கத்து ஊரிடம் படுதோல்வி அடைந்தது. "மண்டையோட்டை விட்டுத்தள்ளு, வந்து எறி" என்று ஆள் அனுப்பினார்.

தெல்மாவுக்கு இடுப்பு முழுசாகச் சரியாகவில்லை. குனிய முடியாது. அவருடைய தோட்டத்துப் பொறியைக் கவனிக்க முடியாமல் போனதால் டென்சில் காலையில் இரண்டு தோட்டத்துக்கும் போகிறார். மாவட்டப் பதிவுகளுக்கு இப்போது இரண்டு பேரும் பொறுப்பு. தகராறான பதிவு என்றால் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் ஏற்பது. இருவரும் ஒத்துக்கொள்வது அபூர்வமாகத்தான் நடக்கிறது. நீல அடியிறகு இப்போது மாவட்டத்தில் பல இடத்தில் வருகிறது. டென்சில் தோட்டத்துக்கு மட்டும் இதுவரை வரவில்லை. போன வருடம் தெல்மா தோட்டத்துக்கு ஒன்று வந்தது. டென்சில்தான் அதை முட்டை அட்டையிலிருந்து எடுத்தார். குப்பியில் போட்டு மூடியை இரண்டு முறை இறுக்கினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தெல்மாவிடம் நீட்டினார்.

தெல்மா உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"படம் எடுத்துக்கோ" என்றார். "உன் விரல் குறுக்க வராம எடு."